வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

அத்தியாயம் 14

போன வாரம் நொவலெட் கனடாவிலிருந்து அனுப்பிய நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து அவள் அண்ணன் ஆஸ்பர்ட் வீட்டுக் கூடத்தில் திறந்தார்களே, நினைவிருக்கும். அரிசி, எண்ணெய், சோப்பு, டின் மீன், ஆளுக்கொரு செருப்பு என்று எல்லாம் வெளியே வந்தது. அந்த வீட்டில் வளரும் நொவலெட்டின் மகள், பத்து வயது ஜனீல் எதையும் தொடவில்லை. கிறிஸ்துமஸ் டிரம்மில் வந்த அரக்கு நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். டிரம்மின் அடியில் அதே மாதிரி நீலத்தில் இன்னொன்று கிடைத்ததும் அதை மட்டும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பாருங்களேன், அம்மாவையே கட்டிக்கிட்டு நிக்குது!" என்று பெரியம்மா வெர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாமும்தான் துடைத்துக்கொண்டோம். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம்.

இந்த வாரம் வியாழக்கிழமை. காலை ஆறரை மணிக்கே மோர்லண்ட் பே ஊரில் வெயில் ஏறிவிட்டது. பள்ளிச் சமையலறையின் பின்வாசலில் ரொட்டி வேன் வந்து நின்று மூன்று முறை ஹாரன் அடித்தது. அந்த மூன்று ஹாரனுக்குப் பள்ளிச் சமையல்காரி வெர்லீன் எப்போதும் ஓடுவாள். இன்றும் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள்.

"ஏம்மா வெர்லி, இன்னிக்கு நீயும் ஸ்கூல் பிள்ளையாமே! நோட்டு, பென்சில் எல்லாம் எடுத்துக்கிட்டியா?" ஆஸ்பர்ட் ரொட்டித் தட்டுகளை இறக்கிக்கொண்டே சிரித்தார். அறுபத்தொரு வயது. தேவாலயத்தில் டீக்கன். சிரித்தால் ஊரே சிரிக்கும்.

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணே. புதுசா சட்டம் வந்திருக்காம். பிள்ளைங்க பக்கத்துல வேலை பாக்கற எல்லாரும் ட்ரெய்னிங் எடுக்கணுமாம். சமைக்கறவ, கேட்டுல நிக்கறவர், ஒருத்தரையும் விடலை. கையெழுத்து இல்லேன்னா ஈஸ்டர் லீவு முடிஞ்சு உள்ளயே விடமாட்டாங்களாம்."

"ரொட்டி இறக்கறவனுக்கும் உண்டா?"

"உங்களுக்கு அடுத்த மாசம்."

"சரிதான்! பிள்ளைய எப்படி வளக்கறதுன்னு பார்லிமெண்டு வந்து சொல்லித் தரணும். நான் உங்க ரெண்டு பேரையும் எந்தச் சட்டத்தைப் படிச்சு வளத்தேன்? அடியாத மாடு படியாது. அதுக்கு மேல படிப்பு ஒண்ணும் கிடையாது."

வெர்லீனும் சிரித்தாள். அண்ணன் சொன்னால் சிரித்துத்தான் பழக்கம்.

வேனின் மறுபக்கத்திலிருந்து ஜனீல் இறங்கினாள். சீருடைக்கு மேல் அதே அரக்கு ஸ்வெட்டர், கழுத்துவரை பொத்தான். இந்த வெயிலில்! சீருடை விதி கெடுகிறது என்று தலைமையாசிரியை ஜனவரியிலேயே ஆட்சேபித்தாள். வெர்லீன்தான் போய்க் கெஞ்சினாள். "தாய் வாசனை மிஸ். ஆறு வருஷமா தாயைப் பாக்காத பிள்ளை. விட்டுடுங்க." விட்டுவிட்டார்கள்.

"இந்தா, ஈஸ்டர் பன்." ஆஸ்பர்ட் காகிதம் சுற்றிய ஒன்றைத் தங்கை கையில் வைத்தார். "திராட்சை ரெண்டு பிடி கூடப் போடச் சொன்னேன் உனக்காக. சீஸ் நீ வாங்கிடு. ஞாயித்துக்கிழமை வந்து மூணு பேரும் சேர்ந்து வெட்டுவோம்."

ஞாயிற்றுக்கிழமை. வெர்லீனுக்கு வாரத்தில் இருப்பதே அந்த ஒரு நாள்தான். இரும்புக் கடை மாடியில் ஒற்றை அறை. புருஷன் என்று ஒருவன் இருந்தான்; இருந்தான் என்பதோடு சரி. ஆறு நாளும் அடுப்பங்கரையில் நின்றபடியே, சட்டியிலிருந்தே அள்ளித் தின்றுவிடுவாள். ஒருத்திக்கு எதற்கு மேஜை? ஞாயிற்றுக்கிழமை மட்டும் துணி விரித்து மூன்று தட்டு வைப்பாள். தேங்காய்ப் பாலில் பயறு போட்ட சோறு, கோழி, அண்ணனின் ஜெபம், அண்ணனின் ஜோக்கு. அவர்கள் போனதும் மூன்று தட்டையும் மெதுவாகக் கழுவுவாள். சீக்கிரம் கழுவிவிட்டால் அப்புறம் செய்ய எதுவும் இருக்காது.

ஒன்பது மணிக்குப் பயிற்சி. இரண்டாம் வகுப்புப் பெஞ்சுகளில் பெரியவர்களை உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? முழங்கால் தாடையில் இடித்தது. துப்புரவு செய்கிறவர்கள், சமையல்காரிகள், கேட் காவலர் ஸ்டெட்மன் என்று பன்னிரண்டு பேர். நடத்த வந்தவள் மிஸ் கோல்பர்ன், மாவட்டக் குழந்தைகள் அலுவலகத்திலிருந்து. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"சின்ன வயசுல வீட்ல அடி வாங்கினவங்க கை தூக்குங்க" என்றாள்.

பன்னிரண்டு கையும் மேலே போயிற்று. ஸ்டெட்மன் இரண்டு கையையும் தூக்கினார்.

"மிஸ், என்னை எங்கம்மா பெல்ட்டால அடிப்பா. பெல்ட்டை ஒளிச்சு வெச்சேன். தேடிக் கண்டுபிடிக்க வெச்சு, ஒளிச்சதுக்கு ரெண்டு சேர்த்துப் போட்டா!" என்றார் அவர். அறை குலுங்கியது. இந்த ஊரில் அப்படித்தான். நாலு பேர் கூடினால் வாங்கிய அடியைச் சொல்லிச் சிரிக்கவேண்டும். எவனுக்கு அதிகமோ அவன்தான் அன்றைக்கு ராஜா.

வெர்லீன் விடுவாளா? அவளுடைய கதை ஊரறிந்த கதை.

"சோளக்கஞ்சியை அடி பிடிக்க விட்டுட்டேன் மிஸ். எங்கண்ணன் வாரை எடுத்துக்கிட்டு வர்றார். நான் மாமரத்தைச் சுத்தி ஓடறேன், அவரும் சுத்தறார். மூணாவது சுத்துல எனக்கு மூச்சு வாங்குது. 'அண்ணே, கொஞ்சம் நில்லுங்க, தண்ணி குடிச்சிட்டு வந்து ஓடறேன்'னேன். குடிக்க விட்டார் மிஸ்! குடிச்சிட்டு வந்த பிறகுதான் வெளுத்தார்!"

ஸ்டெட்மன் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மிஸ் கோல்பர்ன் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை.

"அப்ப உங்களுக்கு என்ன வயசு, மிஸ் வெர்லீன்?"

"பன்னெண்டு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"என்னது?"

"அடி வாங்கினதை. அன்னிக்கு யார்கிட்ட போய்ச் சொன்னீங்க?"

வெர்லீன் வாயைத் திறந்தாள். முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், பஸ்ஸில். இப்படி ஒரு கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை.

"யார்கிட்ட சொல்றது மிஸ்? எங்கம்மா செத்து அப்ப மூணு மாசம்."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வெர்லீனுக்குச் சட்டென்று அவ்வளவு பேர் நடுவிலும் தான் ஒருத்தியாக உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"இந்தச் சட்டம் அந்தக் கேள்விக்காகத்தான்" என்றாள் மிஸ் கோல்பர்ன். "பிள்ளை யார்கிட்ட சொல்லும்? டீச்சர்கிட்ட சொல்லாது. கேட்டுல நிக்கறவர்கிட்ட சொல்லும். சோறு போடறவங்ககிட்ட சொல்லும். அதான் உங்களை உட்கார வெச்சிருக்கேன். நீங்க துப்பறிய வேண்டாம். சட்டையைத் தூக்கிப் பாக்க வேண்டாம். கேளுங்க, நம்புங்க, எங்ககிட்ட சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு, 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்'னு மட்டும் வாக்குக் குடுக்காதீங்க. அந்த வாக்கைக் காப்பாத்த முடியாது. முடியாத வாக்கைக் குடுத்து ஏற்கெனவே நிறையப் பேர் அந்தப் பிள்ளைங்களை ஏமாத்தியாச்சு."

"அப்படிச் சொன்னா எந்தப் பிள்ளை மிஸ் வாயைத் திறக்கும்?" ஸ்டெட்மன் கேட்டார்.

"சில பிள்ளை திறக்காது. வாயைத் திறக்காத பிள்ளை வேற விதமாச் சொல்லும்."

வேற விதங்களைச் சொல்லிக்கொண்டே போனாள். வீட்டுக்குப் போக நேரமாக்கும் பிள்ளை. கதவு சாத்தும் சத்தத்துக்குத் துள்ளும் பிள்ளை. வெர்லீன் பாதிதான் கேட்டாள். மனசு இன்னும் மாமரத்தடியிலேயே நின்றது. அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது.

"ஊரே வேர்த்து வழியறப்ப, முழுக்கை போட்டு மூடிக்கிட்டு வர்ற பிள்ளை."

வெர்லீன் பெஞ்சில் நிமிர்ந்தாள்.

இருக்காது. அது தாய் வாசனை. வெர்லீனே சொன்னாள், ஊரே சொன்னது. போட்டோ எடுத்து அனுப்பினபோது நொவலெட் போனில் எப்படி அழுதாள்! அந்தச் சந்தோஷத்தில்தானே இரண்டாவது ஸ்வெட்டர் வந்தது! டிரம் வருகிற வீட்டில் பிள்ளை எதைக் கட்டிக்கொண்டு நின்றாலும் அம்மாவைக் கட்டிக்கொண்டதாகத்தான் தெரியும். மோர்லண்ட் பேயில் பாதி வீடு டிரம் வருகிற வீடு. அவர்கள் கண் அப்படியே பழகிவிட்டது.

பயிற்சி முடிந்து எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கொரு படிவம் கொடுத்தாள் மிஸ் கோல்பர்ன். வெர்லீன் அதை எட்டாக மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

மதியம் மணி அடித்ததும் ஜனீல் முதல் ஆளாக வந்தாள். பானையடிச் சோற்றுக் காந்தல் அவளுக்கென்று எடுத்து வைத்திருக்கும். மற்ற பிள்ளைகள் ஜன்னலில் வரிசை கட்ட, அவள் மட்டும் உள்ளே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து தின்பாள்.

"புழுங்கலையா கண்ணு?"

"இல்ல பெரியம்மா."

மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. வெர்லீனின் கை தானாக அந்தக் கம்பளிக் கையை நோக்கிப் போயிற்று. தூக்கிப் பார்த்தால் ஒரு நொடி. சட்டையைத் தூக்கிப் பாக்க வேண்டாம். கையை இழுத்துக்கொண்டு கரண்டியைப் பிடித்தாள்.

"அந்த நீல ஸ்வெட்டரும் இதே அளவுதானா?"

"அது கை இன்னும் நீளம் பெரியம்மா." ஜனீலின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "விரல் வரைக்கும் வருது."

ஐயோ! பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு துணியில் பிடிப்பது நிறமா, பூவா? கை நீளமா?

வெர்லீன் ஜன்னலை மற்றவளிடம் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"ஜனீல், என்கிட்ட ஏதாவது சொல்லணும்னு இருக்கா உனக்கு? எதுவா இருந்தாலும்."

ஜனீல் மெல்வதை நிறுத்தினாள். பிறகு ஆள்காட்டி விரலை உதட்டருகே கொண்டுபோய்க் காத்திருந்தாள்.

அது அவர்கள் இருவருக்கும் உள்ள விளையாட்டு. தட்டு உடைந்தாலும் சரி, கணக்கில் மார்க் குறைந்தாலும் சரி, "வாய்ப் பூட்டு" என்று இருவரும் உதட்டைப் பூட்டி, சாவியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டுவிடுவார்கள். எத்தனை சாவி அந்தச் சட்டிக்குள் கிடக்கிறதோ! பிள்ளை இப்போது அந்தப் பூட்டுக்காகத்தான் காத்திருந்தாள். பெரியம்மாவின் விரல் உதட்டுக்கு வந்தால் போதும்.

வெர்லீன் விரலைத் தூக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"இன்னிக்குப் பூட்டமாட்டேன் கண்ணு. உன்னை நோக வைக்கற விஷயமா இருந்தா, உதவி பண்றவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். ஆனா ஒண்ணு. உனக்குத் தெரியாம சொல்லமாட்டேன்."

விரல் மெதுவாகக் கீழே இறங்கியது.

"அப்ப ஒண்ணுமில்ல" என்றாள் ஜனீல்.

தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தாள். பாதிக் காந்தல் அப்படியே இருந்தது. வாசல்வரை போனவள் திரும்பிப் பார்க்காமலே நின்றாள்.

"பெரியம்மா, எனக்கு ஞாயித்துக்கிழமை ரொம்பப் பிடிக்கும்."

"ஏன் கண்ணு?"

"உங்க வீட்டுக்கு வர்ற அன்னிக்கு மாமா அடிக்கமாட்டார்."

ஓடிவிட்டாள். வெர்லீன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். யாரோ உப்பு கேட்டார்கள். கேட்டது காதில் விழுந்தது, எழுந்திருக்க முடியவில்லை. மூன்று தட்டும் மேஜைத் துணியும் அண்ணன் ஜோக்குமாக அவள் ஏங்கிக் காத்திருந்த அதே நாளுக்கு அந்தப் பிள்ளையும் காத்திருந்திருக்கிறாள். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருத்தியை ஒருத்தி அறியாமல் தின்றிருக்கிறார்கள்.

இரண்டு மணிக்குக் கனடாவிலிருந்து நொவலெட் கூப்பிட்டாள். அவள் பார்த்துக்கொள்ளும் கிழவி தூங்கும் நேரம் அது.

"அக்கா! இங்க இன்னும் பனி கொட்டுது. என் பொண்ணு ஸ்வெட்டர் போட்டிருக்காளா? ஒரு போட்டோ அனுப்பேன்."

"நொவலெட், உட்காரு."

"உட்கார்ந்துதான் இருக்கேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

வெர்லீன் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு. ஸ்வெட்டர், வெயில், கை நீளம், ஞாயிற்றுக்கிழமை.

"நான்தான் அண்ணன்கிட்ட சொன்னேன்" என்றாள் நொவலெட். "கண்டிச்சு வளங்கன்னு. கையை விட்டுப் போயிடக்கூடாதுன்னு. ஒண்ணு ரெண்டு போட்டிருப்பார் அக்கா. நமக்கும்தானே போட்டார்? நாம நல்லாத்தானே இருக்கோம்?"

"உனக்கு எப்ப போட்டார்?"

"என்ன?"

"உன்னை எப்ப அடிச்சார்னு கேக்கறேன். ஞாபகம் இருக்கா ஒரு தடவையாவது?"

நொவலெட் யோசித்தாள். "இல்ல..."

"இருக்காது. கஞ்சியை அடி பிடிக்க விட்டது நான் இல்லடி. ரெண்டு வயசுல நீ அடுப்புப் பக்கம் ஓடினே. உன்னைத் தூக்கப் போனேன். அப்புறம் நீ உடைச்சது, நீ கொட்டினது, நீ தொலைச்சது எல்லாம் நான்தான்னு சொல்லிட்டேன். உன்மேல ஒரு அடி விழலை. விழவிடலை. அவளுக்கு அப்படிச் சொல்ல யாரு இருக்கா?"

"அக்கா..."

"சாயந்திரம் நான் சொல்லிடப் போறேன். ஃபாரம் கையில இருக்கு."

"வேண்டாம்! அக்கா, வேண்டாம்! ரெண்டு மாசத்துல அவ விசா இண்டர்வியூ. ஆறு வருஷம் இதுக்காகக் காத்திருக்கேன். போலீசு கேசுன்னு போனா ஃபைலையே மூடிடுவாங்கன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. ரெண்டே மாசம். அப்புறம் அவ என்கிட்ட வந்துடுவா. ரெண்டு மாசம் பொறுத்துக்கச் சொல்லு."

"யாரைப் பொறுத்துக்கச் சொல்றே? என்னையா, அவளையா?"

மறுமுனையில் மணியோசை கேட்டது. கிழவி எழுந்துவிட்டாள்.

"நான் போகணும். அக்கா, நீ மட்டும் அதை எழுதினே, உயிரோட இருக்கற வரைக்கும் உன்கூடப் பேசமாட்டேன். சத்தியம்."

போன் கறுத்தது. வெர்லீன் ஏப்ரன் பையிலிருந்து படிவத்தை எடுத்து மேஜைமேல் விரித்து நீவினாள். பக்கத்தில் பன் இருந்தது. அதைச் சுற்றிய காகிதத்தில் எண்ணெய் ஊறியிருந்தது.

அண்ணன் கெட்டவரா? சுலபமாகச் சொல்லிவிடலாம், எழுதுகிற எனக்கும் சௌகரியம். இருபத்துமூன்று வயதில் இரண்டு தங்கைகளைத் தோளில் போட்டுக்கொண்டவர். விடியுமுன் பேக்கரிக்கு நடந்துபோய், முதல் சூட்டு ரொட்டியைச் சட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு ஓடி வருவார். இவர்களுக்காகவே கல்யாணம் வேண்டாமென்றார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று ஒரு பழமொழி சொல்வார்கள். வெர்லீனுக்கு அடியும் அண்ணனும் ஒரே கையிலிருந்து வந்தது. அன்பு எது, அடி எது என்று இத்தனை வருஷத்தில் அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை.

அந்த ஒரு கையும் போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? தங்கையும் இல்லை என்று ஆகிவிட்டது.

பேனாவை எடுத்தாள். சமையல்காரிக் கையெழுத்து, பெரிசு பெரிசாக. குழந்தையின் பெயர். வயது. நீங்கள் குழந்தைக்கு என்ன உறவு: பெரியம்மா. யார்மீது சந்தேகம்: அண்ணன் பெயரை முழுசாக எழுதினாள். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: இது உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?

"இன்று" என்று எழுதினாள். பார்த்தாள். அடித்தாள். மேலே வேறு எழுதினாள்.

மிஸ் கோல்பர்ன் தலைமையாசிரியை அறையில் இருந்தாள். படிவத்தை நின்றபடியே படித்தவள் கடைசி வரியில் உட்கார்ந்தாள்.

"முப்பத்தெட்டு வருஷம்னு போட்டிருக்கீங்க. தப்பா எழுதிட்டீங்களா? மாத்தணுமா?"

"வேண்டாம் மிஸ். அதுதான் சரி."

மிஸ் கோல்பர்ன் தலையாட்டினாள். ஜனீலை அழைத்து வந்தார்கள். வெர்லீன் மேஜையோரம் நிற்பதைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் இறுகியது.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் கண்ணு. உன்கிட்ட முதல்ல வந்து சொல்லியிருக்கணும். தைரியம் வரலை."

"நீ தனியாப் பேசணும்னாலும் சரி, யாராவது கூட இருக்கணும்னாலும் சரி. நீ சொல்றதுதான்" என்றாள் மிஸ் கோல்பர்ன்.

ஜனீல் தரையைப் பார்த்தாள். "பெரியம்மா இருக்கட்டும்" என்றாள். ஆனால் பெரியம்மா பக்கம் திரும்பவில்லை.

"எதையும் காட்டணும்னு இல்ல. பேசினாப் போதும்."

பிள்ளை கழுத்துப் பொத்தானிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். ஒரு கையை உருவினாள், மறு கையை உருவினாள். ஸ்வெட்டரை நாலாக மடித்து வெர்லீனிடம் நீட்டினாள்.

"பிடிச்சுக்கோங்க பெரியம்மா. கசங்காம."

அந்தக் கைகளைப் பற்றி நான் இங்கே எழுதமாட்டேன். இருபத்தாறு வருஷமாக இந்த வேலையில் இருக்கும் மிஸ் கோல்பர்ன் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தாள். அது போதும்.

ஸ்வெட்டர் வெர்லீன் கையில் சூடாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். தாய் வாசனையாவது ஒன்றாவது! பிள்ளையின் வேர்வைதான்.

"இன்னிக்கு ராத்திரி இவ அந்த வீட்டுக்குப் போகமுடியாது" என்றாள் மிஸ் கோல்பர்ன். "சொந்தத்துல வேற யாராவது இருந்தா, நான் வந்து இடத்தைப் பாத்துட்டு..."

"ஒரே ரூம்தான் மிஸ். ஆனா கட்டில் அகலம். தட்டு மூணு இருக்கு."

அப்போது வெளியே ஹாரன் கேட்டது. மூன்று முறை.

ஜனீல் துள்ளி எழுந்தாள். இரண்டு கையும் ஸ்வெட்டரை நோக்கி நீண்டன. வெர்லீன் அதைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"இனி இது வேண்டாம் கண்ணு. நீ உட்காரு. பெரிய டீச்சர் உன்கூட இருப்பாங்க. நான் போய்ட்டு வர்றேன்."

"மிஸ் வெர்லீன், நீங்க போகணும்னு கட்டாயமில்ல. நான் பேசிக்கறேன்."

"எங்கண்ணன் மிஸ். முதல்ல என் முகத்தைப் பாக்கட்டும். நீங்க பின்னால வாங்க."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஹாரனுக்கு ஓடாமல் நடந்தாள். கேட்டருகே ஸ்டெட்மன் எதையோ சொல்லிச் சிரிக்க வாயெடுத்தவர், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். இரண்டடி பின்னால் மிஸ் கோல்பர்ன்.

"எங்கே நம்ம மகாராணி? இன்னும் பாடம் முடியலையா? நீ பாஸா பெயிலா, அதைச் சொல்லு முதல்ல!" ஆஸ்பர்ட் வேன் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம்தான் தங்கையின் கக்கத்தில் இருந்ததைப் பார்த்தார்.

சிரிப்பு போயிற்று. அரக்கு ஸ்வெட்டரைப் பார்த்தார். பின்னால் நிற்கும் நரைத்த முடிக்காரியைப் பார்த்தார்.

"வெர்லி." குரல் தணிந்தது. மாமரத்தடியில் கேட்ட அதே குரல். "வீட்டு விஷயத்தை வீட்ல பேசிக்கலாம். வண்டில ஏறு."

அவளுடைய கால் ஓரடி முன்னால் போய்விட்டது. அவள் வைக்கவில்லை, காலாகப் போயிற்று. நின்றாள். ஸ்வெட்டரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒன்றுதான் வந்தது.

"இந்த ஞாயித்துக்கிழமை வராதீங்க அண்ணே."

அவருடைய அறுபத்தொரு வயது முகம் ஒரு நிமிஷம் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தடுமாறியது. வெர்லீனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை; ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

ஏப்ரன் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. இந்த நேரத்துக்குக் கிழவி தூங்கமாட்டாள். இருந்தாலும் கனடாவுக்கென்று வைத்த ரிங்டோன்தான். ஸ்வெட்டரைப் பிடித்த கையை விடாமல் அவளால் எடுக்க முடியாது. அது அடித்துக்கொண்டே இருந்தது.